காது கொடுத்துக் கேட்பவர்

நல்ல தலைவன் எப்படி இருப்பான் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதிகம் பேசக்கூடாதாம். எதிராளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்க வேண்டுமாம். வானமே இடிந்து தலையில் விழுந்தாலும் பதறக்கூடாதாம். இந்தக் கணக்கை முதலில் போட்டவன் எவனோ, அவன் மட்டும் கையில் கிடைத்தால் பெரியவள் அவனைத் துவைக்கிற மெஷினில் போட்டு இரண்டு சுற்று சுற்றவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அவள் வீட்டுக்காரரைச் சலவைக்கூடத்துக்கே தலைவராக்கியது அந்தப் பாழாய்ப்போன கணக்குத்தான்.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் மூட்டை மூட்டையாக வருகிற படுக்கை விரிப்புகளைத் துவைத்து, பிழிந்து, உலர்த்தி, தேய்த்து, மடித்து அனுப்புகிற இடம் அது. பெரிய தகரக் கொட்டகை. உள்ளே பேச்சு என்று ஒன்று கிடையாது, எல்லாம் கத்தல்தான். அக்காவும் தங்கையும் அங்கேதான் வேலை பார்த்தார்கள், அதனால் ஒருத்தி பெரியவள், இன்னொருத்தி சின்னவள் என்று பேர் நிலைத்துவிட்டது. பெரியவளுக்கு மடிப்பு மேசை. சின்னவளுக்கு உருளை. ஈர விரிப்பின் முனையை உருளைக்குள் கொடுத்தால் அது சரசரவென்று இழுத்து, சூட்டில் நசுக்கி, ஒரு சுருக்கமில்லாமல் அந்தப் பக்கம் தள்ளும். வீட்டுக்காரருக்குப் பிழிகிற மெஷின். பல வருஷமாக அதன் பக்கத்திலேயே நின்றார். அது போடுகிற கூச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய இரண்டு காதையும் தின்றுவிட்டது. இது அவருக்கும் டாக்டருக்கும் பெரியவளுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. எல்லோரும் கத்துகிற இடத்தில் ஒருவருக்குக் காது கேட்கவில்லை என்பதை எவன் கண்டான்?

பழைய சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போன சமயம், மேனேஜர் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு முகமெல்லாம் பிரகாசமாகத் திரும்பி வந்திருந்தார். "இனிமே நமக்கு சூப்பர்வைசர் வேணாம். தலைவர்தான் வேணும். தலைவரைத் தேடக்கூடாது, அவரே வெளிப்படுவார்" என்றார். அந்த வாரமே நீராவிக் குழாயின் வால்வு ஒன்று டமார் என்று வெடித்தது. இருந்த அத்தனை பேரும் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று வெளியே ஓடினார்கள், மேனேஜர் எல்லோருக்கும் முன்னால். உள்ளே ஒரே ஒரு ஆள் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு மெஷினிலிருந்து விரிப்புகளை உருவி வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார். வண்டி நிறைந்ததும் திரும்பினார். யாரையும் காணோம். கொட்டகை முழுக்கப் புகை மாதிரி ஆவி. சரி, சாப்பாட்டு வேளை ஆகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்து வெளியே வந்தார்.

வாசலில் நின்ற கூட்டம் வாயைப் பிளந்தது. மேனேஜருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "பதறினாரா பாத்தீங்களா? இவர்தான்யா தலைவர்!" என்றார். காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகப் பதவி வந்து விழுந்தது. பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் பெருமையும் வந்தது. அந்தப் பெருமை ஒரு மாசம்கூடத் தாங்கவில்லை.

தலைவர் ஆன பிறகு அவர் செய்த வேலை இவ்வளவுதான். யாராவது வந்து பேசினால் அவர்கள் வாயையே உற்றுப் பார்ப்பார். உதடு அசைவதை வைத்துக் கால்வாசி பிடிப்பார், மீதியை விட்டுவிடுவார். பிறகு கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். பிறகு மெல்ல, மிக மெல்ல, தலையை ஆட்டுவார். இதற்கே ஜனங்கள் சொக்கிப்போனார்கள்.

உலர்த்துகிற மெஷினில் ஒருவன் இருந்தான். பேச ஆரம்பித்தால் நிற்காது என்பதால் எல்லோரும் அவனை வாய்க்கால் என்பார்கள். அவன் மடிப்பு மேசைக்கே வந்து உருகினான்.

"அண்ணி, கண்ணை எடுக்காம நம்ம மூஞ்சியையே பாத்துக் கேக்கறாரு அண்ணி. என் பொண்டாட்டிகூட என்னை அப்படிப் பாத்ததில்ல."

"அப்படி என்னத்தச் சொன்ன?"

"மெஷின் கதவு சரியா மூடல, அனல் மூஞ்சில அடிக்குதுன்னு சொன்னேன்."

"சரி பண்ணிட்டாங்களா?"

"இன்னும் இல்ல. ஆனா காது கொடுத்துக் கேட்டாரு பாருங்க, அதுவே பாதி குறை தீந்த மாதிரி."

கொடுப்பதற்கு முதலில் காது இருக்க வேண்டாமா என்று வாய்வரைக்கும் வந்ததைப் பெரியவள் விழுங்கினாள்.

"நிறைகுடம் தளும்பாது அண்ணி" என்றான் வாய்க்கால்.

"காலிக் குடமும்தான் தளும்பாது" என்றாள் அவள்.

"அண்ணிக்கு எப்பவும் தமாஷ்தான்!" என்று சிரித்துக்கொண்டே போனான். கன்னம் இரண்டும் அனலில் வெந்து சிவந்திருந்தது. அதோடுதான் சிரித்தான், மடையன்.

வீட்டில் துணி அலமாரியில், அவருடைய நல்ல சட்டைகளுக்கு அடியில் ஒரு சின்ன டப்பா கிடந்தது. உள்ளே காதில் மாட்டுகிற கருவி. டாக்டர் அளவு பார்த்துப் பொருத்திக் கொடுத்தது. அதை மாட்டிய அன்று, தெருவில் சைக்கிள் மணி அடிப்பதைக் கேட்டுக் குழந்தை மாதிரி சிரித்தார். பெரியவளுக்கு அன்று வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது கழற்றி டப்பாவில் போட்டார்.

"காதுல மெஷினை மாட்டிக்கிட்டுப் போய் நின்னா எவன் மதிப்பான்? தலைவன்னா ஒரு குறை இல்லாம நிக்கணும்" என்றார்.

"குறை காதுல இருந்தா பரவால்லீங்க. தலைக்குள்ள இருக்கக்கூடாது" என்றாள். அதுவும் அவர் காதில் விழவில்லை. செவிடன் காதில் ஊதின சங்குதான்.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் சின்னவள் கையை நீட்டினாள். நடுவிரல் நகம் கன்றிக் கறுத்துப் போயிருந்தது. உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் மெஷின் உடனே நின்றுவிட வேண்டும். அதன் ஸ்பிரிங் கெட்டுப்போய், துணி பட்டாலே நின்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. வேலை கெடுகிறதே என்று எவனோ ஒரு புண்ணியவான் கம்பியைத் தூக்கிப் பழைய தலையணை உறையால் கட்டிவிட்டுப் போய்விட்டான். இப்போது உருளைக்கும் விரலுக்கும் நடுவே ஒன்றுமே கிடையாது.

பெரியவள் அந்த விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "ஏண்டி, இதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"மாமாகிட்ட அப்பவே சொல்லிட்டேன்கா. திரும்பத் திரும்பச் சொன்னேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"தலையாட்டினாரு. அப்புறம் என்ன? அவர் பாத்துக்குவாரு. எதையும் அவசரப்பட்டுச் செய்யற ஆளா மாமா?"

"அடி பைத்தியக்காரி, அவருக்குக் கேட்டிருக்காதுடி. அவருக்குக் காதே கேக்காது."

சின்னவள் முகம் சுண்டிப்போனது. "போக்கா. ஊரே அவரைத் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடுது. உனக்கு மட்டும்தான் பொறுக்க மாட்டேங்குது."

"சரி, அந்தக் கம்பி சரியாகற வரைக்கும் உருளைப் பக்கம் போகாத."

"போகாம? மெஷின் சரியில்லைன்னு நான் நின்னா கெட்ட பேரு யாருக்கு? மாமாவுக்குத்தானே?"

இதைக் கேட்டு அழுவதா சிரிப்பதா என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்றாள்.

"சின்னவ உங்ககிட்ட என்ன சொன்னா?"

அவர் உதட்டைப் படித்தார். "லீவு கேட்டா. சரின்னு தலையாட்டினேன். அப்புறம் ஏன் எடுக்கலன்னுதான் தெரியல."

தலையில் அடித்துக்கொண்டாள். கையால் உருளை மாதிரி சுற்றிக் காட்டி, விரலை உள்ளே விட்டுக் காட்டி, தொண்டை கிழியக் கத்தி, ஒருவழியாகப் புரியவைத்தாள். அவர் முகம் ஒரு நிமிஷம் வெளுத்தது. பெரியவள் அந்த ஒரு நிமிஷத்தை நம்பினாள்.

"நாளைக்குக் காலையில முதல் வேலையா மேனேஜர்கிட்ட சொல்லுங்க."

"அதெப்படிச் சொல்றது? அவர் ரூம்லயே எழுதி மாட்டியிருக்காரு. தலைவன் பிரச்சினையைக் கொண்டு வரமாட்டான், தீர்வைக் கொண்டு வருவான்னு."

"அப்ப தீர்வையே கொண்டுபோங்க. ஸ்பிரிங் மாத்தணும்னு சொல்லுங்க."

"பக்கத்துக் கொட்டகையும் சேத்து ரெண்டுக்கும் என்னையே தலைவரா போடப் போறாங்க. இந்த நேரம் பாத்து ஒரு குறையைச் சொல்லிக்கிட்டுப் போய் நின்னா என்னைப் பத்தி என்ன நெனப்பாங்க?"

அதற்கு அவள் சொன்ன பதில் அவருக்குக் கேட்கவில்லையா, கேட்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாரா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். காது போனது அவர் குற்றமில்லை. போன காதையே போர்வையாக்கி அதற்குள் புகுந்துகொண்டாரே, அதை நினைத்தால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரி, இவரை நம்பிப் பிரயோஜனமில்லை என்று மறுநாள் தானே மேனேஜர் அறைக்குப் போனாள். சுவரில் ஒரு சிங்கம் எங்கேயோ வெறித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே பெரிய எழுத்தில் தலைவனின் லட்சணங்கள். மேனேஜர் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஒரு அசட்டுக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இதை உங்க தலைவர்கிட்ட சொன்னீங்களாம்மா?"

"அவர் என் வீட்டுக்காரர்தாங்க."

"வீட்ல வீட்டுக்காரர். இங்க தலைவர். நீங்களே அவரைத் தாண்டி என்கிட்ட வந்தா அவர் தலைமை என்னத்துக்கு ஆகும்? நாளைக்குப் பெரிய ஆபீஸ்லேர்ந்து அதிகாரி வராரு. இந்த நேரத்துல ஒரு கம்பியைத் தூக்கிக்கிட்டு வரீங்களே!"

"கம்பி இல்லன்னா கை போயிடுங்க."

"அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அவர் சும்மா இருக்காருன்னா அதுல ஒரு அர்த்தம் இருக்கும். போய் வேலையைப் பாருங்க."

அதிகாரி வந்தார். கூட்டம் கொட்டகைக்குள்ளேயே நடந்தது. பேசுவது கேட்க வேண்டும் என்று மற்ற மெஷின்களை நிறுத்திவிட்டார்கள். உருளையை மட்டும் ஓடவிட்டார்கள், போட்டோவில் பின்னால் வேலை நடப்பது தெரிய வேண்டுமாம். சின்னவள் அங்கே நின்று விரிப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். விரிப்பின் மேல் கை இருந்ததே தவிர, கண்ணெல்லாம் மாமா மேல்தான். பெரியவளுக்கு இந்தப் பக்கம் நிற்க முடியவில்லை.

மேனேஜர் சிங்கத்துக்குக் கீழே எழுதியிருந்ததையெல்லாம் ஒப்பித்தார். கேட்கிறவனே தலைவன் என்றார். இதுவரைக்கும் இவர் ஒரு தடவைகூட ஒரு தொழிலாளியின் பேச்சைக் குறுக்கே வெட்டியதில்லை என்றார். எப்படி வெட்டுவார்? பேச்சு எப்போது ஆரம்பிக்கிறது, எப்போது முடிகிறது என்று தெரிந்தால்தானே வெட்டுவதற்கு! தலைவர் கையைக் கட்டிக்கொண்டு, மேனேஜரின் வாயைப் பார்த்தபடி கம்பீரமாக நின்றார். கடைசியில் மேனேஜர், "தலைவரோட மனைவியும் நம்ம தொழிலாளிதான். அவங்க ரெண்டு வார்த்தை சொல்லட்டும்" என்றார்.

பெரியவள் வீட்டுக்காரருக்குப் பின்னால் வந்து நின்றாள். மானம் போனாலும் போகட்டும், அவளுக்கு இருப்பது ஒரே தங்கச்சி.

"என் வீட்டுக்காரருக்குக் காது கேக்காதுங்க" என்றாள்.

அடுத்த கணம் கொல்லென்று சிரிப்பு.

"எங்க வீட்லயும் இதே புகார்தான் அண்ணி!" என்று கத்தினான் வாய்க்கால்.

"தமாஷ் இல்லைங்க. சத்தியமா கேக்காது. உங்கள்ல யார் சொன்னதும் அவர் காதுல விழவே இல்ல."

"என் சம்சாரமும் அட்சரம் பிசகாம இதையேதான் சொல்றாங்க" என்றார் அதிகாரி. சிரிப்பு தகரக் கூரையைத் தூக்கியது.

பெரியவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "யோவ்! எனக்குக் கேக்கலன்னு வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்யா! உன் வறட்டு ஜம்பத்துக்கு என் தங்கச்சி கை போகணுமா? அந்த உருளையில கம்பி இல்ல, கம்பி இல்லன்னு எத்தனை தடவ கத்தறது?"

எதிரில் எல்லோரும் சிரிப்பதை அவர் பார்த்தார். மனைவி ஏதோ நன்றாகப் பேசுகிறாள் என்று தோன்றியிருக்க வேண்டும். முகம் மலர, மெல்லத் தலையை ஆட்டினார்.

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. "பாத்தீங்களா சார்?" என்று மேனேஜர் அதிகாரியின் பக்கம் திரும்பினார். "கட்டின மனைவி எல்லார் முன்னாடியும் விமர்சனம் பண்றாங்க. சிரிச்சுக்கிட்டே ஏத்துக்கறாரு. இந்தப் பக்குவம் எத்தனை பேருக்கு வரும்?"

தூ, நீங்களும் உங்கள் பக்குவமும் என்று பெரியவள் திரும்பினாள். அப்போதுதான் பார்த்தாள். சின்னவளும் சிரித்துக்கொண்டிருந்தாள், மாமாவைப் பார்த்தபடி. ஈர விரிப்பின் ஓரம் அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. உருளை அதை இழுக்க ஆரம்பித்திருந்தது.

கூப்பிட்டால் நேரம் போதாது. பெரியவள் ஓடினாள். வழியில் நின்ற துணி வண்டியை இடித்துத் தள்ளிவிட்டு, சுவரில் இருந்த சிவப்பு சுவிட்சை உள்ளங்கையால் அறைந்தாள். உருளை முனகிக்கொண்டு நின்றது. சின்னவள் குனிந்து பார்த்தாள். விரல் நுனிக்கும் உருளைக்கும் நடுவே ஒரு தீக்குச்சி போகிற இடம் இருந்தது.

"எவன்யா அது மெஷினை நிறுத்தினது?" என்று மேனேஜர் கத்தினார்.

பிழிகிற மெஷின்காரருக்குக் காது போனாலும் கால் போகவில்லை. தரையின் அதிர்வு நின்றதை உள்ளங்காலில் உணர்ந்து அவர் திரும்பினார். ஒன்றும் புரியவில்லை. வலது கையை உயர்த்தி, விரலை விரித்து, என்ன ஆச்சு என்று கேட்கிற மாதிரி ஆட்டினார்.

கொட்டகை கப்சிப் என்று அடங்கியது.

"தலைவர் நிறுத்தச் சொல்றாரு!" என்றான் வாய்க்கால், மெய்சிலிர்த்து.

மேனேஜரின் கண் தலையணை உறையால் கட்டியிருந்த கம்பிக்குப் போனது, சின்னவளின் மணிக்கட்டுக்குப் போனது, அங்கிருந்து அதிகாரியின் முகத்துக்குப் போனது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சார், தலைவர் முன்னாடியே கவனிச்சிருக்காரு. மனைவிக்குச் சைகை காட்டி நிறுத்த வெச்சுட்டாரு. கத்தல் இல்ல, கூச்சல் இல்ல. ஒரு கையசைவு, அவ்வளவுதான்!"

"நான்தாங்க நிறுத்தினேன்" என்றாள் பெரியவள். உள்ளங்கை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"ஆமாம்மா, நீங்கதான். அவர் சொல்லித்தானே?"

மத்தியானத்துக்குள் புது ஸ்பிரிங் வந்தது. கம்பியை அவிழ்த்து இறக்கிப் பூட்டினார்கள். யார் கத்தியும் வராத ஸ்பிரிங் ஒரு அதிகாரி முகம் சுளித்ததும் பறந்து வந்தது. இரண்டு கொட்டகைக்கும் அவரே தலைவர் என்று அறிவித்தார்கள். உருளைக்கு முன்னால் கையை உயர்த்தியபடி நிற்கச் சொல்லிப் போட்டோவும் எடுத்தார்கள். எதற்கு என்று தெரியாமலே அவர் உயர்த்தினார்.

சாயங்காலம் மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். தலைவர் முன்னால், நடுத்தெருவில். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, கடைசியில் அவருக்குப் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. பெரியவள் போய்ச் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்துவிட்டாள். டிரைவர் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே தாண்டிப் போனான்.

சின்னவள் மணிக்கட்டில் விரிப்பு இறுக்கிய தடம் சிவப்பாகத் தெரிந்தது. அவள் வேகமாக நடந்து அவர் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டாள். கண்ணீர் வழிந்தது.

"மாமா, நீங்க மட்டும் இல்லன்னா இன்னிக்கு என் கை போயிருக்கும். சாகற வரைக்கும் மறக்கமாட்டேன் மாமா."

அவர் நேராகப் பார்த்துக்கொண்டு நடந்துகொண்டே இருந்தார்.

சின்னவள் நின்றாள். அக்கா வந்து சேர்ந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பாத்தியாக்கா? நன்றி சொன்னாகூடக் காதுலயே விழாத மாதிரி போறாரு. பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான்."

"ஆமாடி" என்றாள் பெரியவள். "காதுலயே விழாது."